மைனஸ் மூன்று மில்லிசெகண்ட்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. ஜன்னல் பக்கம் இருக்கிற பிள்ளை இப்படி நடுவில் வந்துவிடட்டும், அங்கே சாரல் அடிக்கிறது. உங்களுக்காக ஒரு கதை வைத்திருக்கிறேன். சுடுகாட்டில் நடந்ததில்லை, நடுநிசியில் நடந்ததில்லை. பம்மலில், ஒரு மாடி வீட்டில், விளக்குப் போடுவதற்குள் நடந்து முடிந்தது. பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்ந்துகொள்ளுங்கள். நான் நடுவில் நிறுத்த மாட்டேன்.

கதை ஓர் எண்ணிலிருந்து தொடங்குகிறது. மைனஸ் மூன்று.

காலை பத்து மணிக்கு எப்சி அந்த எண்ணைத் திரையில் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரு வரியை எழுதச் சொல்லிக் கொடுத்ததிலிருந்து அது எழுதி முடிகிற வரைக்கும் எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று அளந்து சொல்கிற எண் அது. சின்னதாக இருக்கலாம். பூஜ்யத்தை ஒட்டிக்கூட வரலாம். பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. கொடுப்பதற்கு முன்பே எழுதி முடிந்தது என்று அதற்கு அர்த்தம். எங்கேயோ கடிகாரம் தப்பு, வேறென்ன.

எப்சிக்கு வேலை, தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் இரண்டாவது மாடியில் இருந்த சின்னக் கம்பெனி ஒன்றில். நோயாளியின் கட்டில் பக்கத்தில் நாடித்துடிப்பைக் காட்டிக்கொண்டு ஒரு மானிட்டர் நிற்கும், பார்த்திருப்பீர்கள். அது சொல்வதை வாங்கி எழுதி வைக்கிற பெட்டியைத்தான் அந்தக் கம்பெனி செய்தது. நொடிக்கு ஒரு வரி: மணி என்ன, துடிப்பு எத்தனை. வரியைக் கொடுத்துவிட்டு, "எழுதியாச்சு" என்று பதில் வருகிறவரை மானிட்டர் காத்து நிற்க வேண்டும். அந்தப் பதிலைச் சொல்வது கெர்னல். கேட்கிறவனுக்கும் டிஸ்குக்கும் நடுவில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கைமாற்றி விடுகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டியில் அந்த ஆள் நாற்பது மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டான். பத்துக் கட்டில் சேர்ந்தால் திரை திக்கித் திணறியது. அந்தக் காத்திருப்பைக் குறைப்பதுதான் எப்சிக்குக் கொடுத்த வேலை.

அவள் குறைத்தும் விட்டாள். வரியை வாங்கி மெமரியில் வைத்துக்கொண்டு அந்தக் கணமே "எழுதியாச்சு" என்று சொல்லிவிடும்படி கெர்னலை மாற்றினாள். சேர்ந்த வரிகளைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமாக டிஸ்கில் இறக்கினால் போதும். நடுவில் கரண்ட் போனால் மெமரியில் இருப்பது அத்தனையும் காற்றோடு போய்விடும், அதற்காகப் பெட்டிக்குள் ஒரு பேட்டரியை வைத்து நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கினாள். அதோடு இன்னொன்றும் செய்தாள். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்போமே, அதுபோல இனி வரப்போகிற வரிகளுக்கும் ஃபைலில் முன்கூட்டியே இடம் பிடித்து வைக்கச் சொன்னாள். வரும்போது இடம் தேட வேண்டாம். வந்தால் உட்கார வேண்டியதுதான்.

சோதனைப் பெட்டியை வீட்டிலேயே வைத்திருந்தாள். மானிட்டரும் வீட்டிலேயே இருந்தது, அப்பாவுக்காக. தனசிங் வாத்தியாருக்கு இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சில் ஆபரேஷன். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. கூடப் பிறந்தவர்கள் கிடையாது. நாற்பது வயதில் எப்சிக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்று இருந்தது, விரலில் கிளிப் மாட்டிக்கொண்டு, பேப்பரில் அச்சுப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொண்டு, கட்டிலில் சாய்ந்திருந்த இந்த ஒரே மனிதர்தான். ராத்திரி தூக்கம் கலைந்தால் மானிட்டரின் டொக், டொக் சத்தம் கேட்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள். கேட்ட பிறகுதான் புரண்டு படுப்பாள்.

அன்று காலை அவள் கோபம் வேறோர் ஆள் மேல் இருந்தது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்துகொண்டிருந்த கங்கையம்மாள் எட்டு மணி, பன்னிரண்டு மணி, நாலு மணி, எட்டு மணி என்று நாடி பார்த்து ஒரு தாளில் குறிக்க வேண்டும். எப்சி தாளை எடுத்துப் பார்த்தால் ராத்திரி எட்டு மணிக் கட்டம் வரைக்கும் நிரம்பியிருந்தது. எழுபத்தாறு, எழுபத்தாறு, எழுபத்தாறு, எழுபத்தாறு.

"இன்னாத்துக்கு எப்சிம்மா மொறைக்கிற? சாருக்கு தெனமும் அதான கீது. காலைலயே எழுதிட்டா அப்பால பேஜார் இல்ல."

"ராத்திரி எட்டு மணிக்கு எவ்ளோ இருக்கும்னு உங்களுக்கு இப்பவே எப்படித் தெரியும்?"

"எழுதி வெச்சா அப்டியேதான் வரும். நீ வேணா பாரேன்."

கட்டிலிலிருந்து அப்பா சிரித்தார். "விடு எப்சி. முப்பத்தாறு வருஷம் நோட்டு திருத்துனேன். விடையை முதல்ல எழுதிட்டு கணக்கை அப்புறம் போடுற பசங்க எல்லாம் இவங்க சொந்தக்காரங்கதான்."

"ஆமா சார், அந்தப் பசங்க எல்லாம் இப்போ ஃபாரின்ல கீறானுங்க. நீதான் உப்பில்லாத கஞ்சி குடிச்சிகினு கீற."

எப்சிக்குச் சிரிப்பு வரவில்லை. கங்கையம்மாள் அப்பாவுக்குத் திருட்டுத்தனமாக ஊறுகாய் கொடுக்கிறாள் என்று ஏற்கனவே சந்தேகம். திரும்பிப் போய்க் கடிகாரங்களைச் சரிபார்த்தாள். மானிட்டர், பெட்டி, அவளுடைய லேப்டாப், மூன்றும் மயிரிழை பிசகாமல் ஒன்றையே காட்டின. எண் இப்போது மைனஸ் நாற்பது ஆகியிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கார்த்திகை மாதத்து மழை. தெருக்கோடியில் எப்போதோ மூடிப்போன தோல் ஷெட்டின் சுவர் ஈரம் பட்டதும் மணக்க ஆரம்பித்தது, ஊறிய தோலும் சுண்ணாம்பும் கலந்த அந்தப் பழைய வாடை ஜன்னல் இடுக்கு வழியாக நுழைந்து டெட்டால் வாசனையோடு சேர்ந்து அறைக்குள் தங்கிவிட்டது, ஷேர் ஆட்டோக்களின் ஹாரன் சத்தம் மழைக்கு அப்பால் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது, இவற்றுக்கெல்லாம் நடுவில் மானிட்டர் தன் பாட்டுக்கு டொக், டொக் என்றது. எப்சி ஃபைலைத் திறந்து கடைசி வரியைப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஃபைல் இரண்டு நொடி முன்னால் இருந்தது.

இடம் பிடித்து வைத்த வெற்று வரிகளாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் வெற்று வரிக்கு மணி இருக்காது. இவற்றில் மணி இருந்தது, துடிப்பு இருந்தது. துண்டு போட்டு வைத்த சீட்டில், பஸ் வந்து நிற்பதற்கு முன்பே யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

மோகன்ராஜ், என்று நினைத்தாள். வேறு யாராக இருக்க முடியும்? கம்பெனியில் இதே வேலையை வேறு வழியில் செய்துகொண்டிருந்தவன் அவன். யார் எழுதியது ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் என்று திங்கட்கிழமை முடிவாகப் போகிறது. பெட்டிக்குள் நுழையும் பாஸ்வேர்ட் இரண்டு பேருக்குத்தான் தெரியும். பழைய பதிவு எதையாவது எடுத்து ஃபைலில் ஊட்டிவிடுகிறான். திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் அவள் எண்ணைக் காட்டி, இது பித்தலாட்டம் என்று சொல்லப் போகிறான்.

போன் போட்டாள்.

"மேடம், சத்தியமா நான் உள்ளயே வரல," என்றான் மோகன்ராஜ். "லாகின் லிஸ்ட்ட பாருங்க. உங்க பேர் மட்டும்தான் இருக்கும்."

"லிஸ்ட்ட அழிக்கிறதுக்கு உனக்கு எவ்ளோ நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம் மெமரில வெச்சுக்காதீங்கன்னு அப்பவே சொன்னேன் மேடம். எழுதாததை எழுதியாச்சுன்னு சொல்றது எனக்கு என்னமோ சரியா படல. அவ்ளோதான். மத்தபடி நான் எதையும் தொடல."

இவ்வளவு பணிவாகப் பேசுகிறவனா இவன்? சந்தேகம் இன்னும் இறுகியது. போனை வைத்துவிட்டுப் பெட்டியிலிருந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள். இனி வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. கேபிளைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு ஃபைலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. முன்னைவிட முன்னால். இருபது நொடி. முப்பது. மூன்றரை மணிக்குள் ஐம்பது.

மூன்று ஐம்பத்தொன்றுக்கு அந்த வரிகளைக் கண்டாள். மூன்று ஐம்பத்திரண்டு, பத்தாவது நொடியில் எழுபத்தாறு திடீரென்று நூற்று நாலாகத் துள்ளி, ஏழெட்டு வரி அப்படியே நின்று, மெல்ல இறங்கியிருந்தது. எப்சி நாற்காலியைக் கட்டில் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்பா பேப்பரில் ஒரு சொல்லை வட்டமிட்டுக்கொண்டிருந்தார். ஃபேன் சுற்றியது. மழை ஒரே சீராகக் கொட்டியது. எதுவும் நடக்கப் போவதில்லை. பழைய பதிவுதான் இது. பத்தாவது நொடி வந்து போய்விடும், மோகன்ராஜ் மாட்டிக்கொள்வான். ஏழு. எட்டு. ஒன்பது.

சமையலறையில் எவர்சில்வர் குடம் விழுந்தது.

வீடே அதிர்ந்தது. அப்பாவின் கையிலிருந்து பேனா தெறித்தது. டொக்டொக்டொக்டொக் என்று மானிட்டர் ஓடியது. அவள் திரும்பிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. நூற்று நாலு.

"ஒண்ணியும் இல்ல சார், கை வழுக்கிடுச்சு!" என்று கங்கையம்மாள் உள்ளேயிருந்து கத்தினாள்.

எப்சி சமையலறை வாசலில் போய் நின்றாள். "யாராவது உங்களைப் போடச் சொன்னாங்களா?"

"இன்னாது?"

"குடத்தை. மோகன்ராஜ்னு யாராவது போன்ல பேசினாங்களா?"

கங்கையம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாமா பேசுற? குடத்த யாராச்சும் சொல்லி வெச்சு போடுவாங்களா? சாப்டியா நீ?"

அப்படிக் கேட்டபோது அவள் முகத்தில் தெரிந்த பரிவையும் எப்சியால் நம்ப முடியவில்லை. திரும்பி வந்தாள். அப்பாவின் விரல் கிளிப்பைப் பார்த்தாள். ஒயரைத் தடவிக்கொண்டே சுவர்வரை போனாள். பெட்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. தூங்குகிற பூனையின் வயிறு போல.

"என்னம்மா தேடுற?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா."

"காலையில இருந்து என்னைப் பார்க்காம அந்தப் பெட்டியவே பார்த்துட்டு இருக்கே. நோயாளி நானா, அதுவா?"

திரும்பவும் திரை முன்னால் போய் உட்கார்ந்தாள். பழைய கெர்னலைத் திரும்ப ஏற்றிவிடலாம் என்று நினைத்து, திங்கட்கிழமையை நினைத்து, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று விட்டாள். வெளிச்சம் வடிந்துகொண்டே போனது. ஐந்து முப்பத்தொன்றுக்கு மறுபடி ஃபைலின் அடிவரைக்கும் போனபோது, அது பதினோரு நிமிடத்துக்கும் மேலே முன்னால் போயிருந்தது.

ஐந்து நாற்பத்திரண்டு, ஒன்றாவது நொடி. எழுபத்தாறு.

இரண்டாவது நொடி. எழுபத்தொன்று.

மூன்றாவது நொடி. பூஜ்யம்.

அதற்குக் கீழே பூஜ்யம். அதற்குக் கீழேயும். மணியோடு. நொடிக்கு ஒன்றாக.

எப்சி எழுந்ததும் நாற்காலி சாய்ந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். எங்கே பார்த்தாலும் தண்ணீர், இருபது நிமிடமாவது ஆகும் என்றார்கள். சீக்கிரம் வாங்க, எங்கப்பாவுக்கு ஹார்ட் என்றாள். இப்போ பேச்சு மூச்சு இருக்கா என்று கேட்டார்கள். இருக்கு என்றாள். பேப்பர் படிக்கிறார் என்று சொல்ல வாய் வரவில்லை.

பிறகு அவளுக்கு ஒன்று உறைத்தது. அந்தப் பூஜ்யங்கள் இன்னும் டிஸ்கில் இறங்கவில்லை. கடைசியாக இறக்கியது ஐந்து முப்பதுக்கு. அடுத்தது ஐந்து நாற்பதுக்கு. அதுவரை அவை வெறும் வாய்வார்த்தை. கரண்ட் போனால் காற்றோடு போய்விடுகிற வரிகள். இத்தனை நாளும் எதை நினைத்துப் பயந்தாளோ, அதைத்தான் இப்போது அவளே செய்ய வேண்டும்.

மேசை இழுப்பறையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. மோகன்ராஜுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். ஏன் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் குரலில் பொய் தெரிகிறதா என்று பார்க்கவாக இருக்கலாம்.

"பேட்டரியக் கழட்டப் போறேன்," என்றாள். "நீ செஞ்சதையெல்லாம் அழிக்கப் போறேன்."

"மேடம், கொஞ்சம் இருங்க. பிடுங்காதீங்க. அந்தப் பத்து நிமிஷத்துல என்னென்ன இருக்குன்னு பார்த்தீங்களா? உங்களுக்கு வேணாங்கறது மட்டும் போகாது மேடம். உள்ள இருக்கிறது எல்லாமே போயிடும். மேடம், கேக்குறீங்களா..."

மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுகிறான். அதனால்தான் தடுக்கிறான். போனை அணைத்தாள்.

முதல் ஸ்க்ரூ. வந்துவிட்டது.

இரண்டாவது. வந்துவிட்டது.

மூன்றாவது வழுக்கியது. கை வியர்த்திருந்தது. சேலையில் துடைத்துக்கொண்டு திரும்ப வைத்தாள். டொக், டொக் என்றது மானிட்டர். ஐந்து முப்பத்தெட்டு. அவளே முடுக்கியது. இவ்வளவு இறுக்கமாகவா முடுக்கினாள்?

வந்தது. நாலாவது பாதிவரை. மூடியைப் பிடித்து வளைத்தாள். நகம் பிளந்தது. ஐந்து முப்பத்தொன்பது. பிளக்கைக் காலால் இழுத்துப் பிடுங்கினாள். பேட்டரி ஒயரை விரலில் சுற்றினாள்.

இழுத்தாள்.

பச்சை விளக்கு அணைந்தது.

மானிட்டரின் சத்தமும் நின்றது. அவள் நெஞ்சு ஒரு கணம் நின்றேவிட்டது. பிறகு புரிந்தது. வரியைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்து நிற்கிறது அது. பதில் சொல்ல ஆளில்லை. எழுபத்தாறு என்ற எண்ணோடு திரை உறைந்திருந்தது. அவ்வளவுதான்.

கட்டிலைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். நாற்பது. நாற்பத்தொன்று. மழை விட்டிருந்தது. சன்ஷேடிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும். நாற்பத்திரண்டு. ஒன்று. இரண்டு. மூன்று.

நாலு.

"எப்சி," என்றார் அப்பா. "பேனா கட்டிலுக்கு அடியில உருண்டுடுச்சு போல. எடுத்துக் குடும்மா."

அழுகையும் சிரிப்புமாக அவர் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குமேல் ஜெபம் வரவில்லை. கங்கையம்மாள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா டம்ளரை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டார். "ஏன் அழற? நான் நல்லாத்தான் இருக்கேன். இன்னைக்கு நெஞ்சு ரொம்ப லேசா இருக்கு. இவ்ளோ லேசா இருந்து எத்தனையோ வருஷம் ஆச்சு."

எப்சி அவருடைய இன்னொரு கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டில் விரல் வைத்தாள். பழக்கம்.

விரலை நகர்த்தினாள். அழுத்தினாள்.

கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

நெஞ்சில் காதை வைத்தாள். பனியனில் பவுடர் வாசனை. உள்ளே ஒன்றுமில்லை. பூட்டிய வீட்டில் காதை வைத்ததுபோல் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள்ளிருந்து அப்பாவின் குரல் மட்டும் மேலே வந்தது, தெளிவாக, அன்பாக. "கேக்குதாம்மா?"

நிமிர்ந்தாள். உள்ளே இருக்கிறது எல்லாமே போய்விடும் என்று மோகன்ராஜ் சொன்னானே, பூஜ்யங்களோடு அப்பாவின் துடிப்புகளும் போயிருந்தன.

"கிளிப்பு கழண்டுகிச்சா?" என்றாள் கங்கையம்மாள் பின்னாலிருந்து. அவளும் அருகில் வந்தாள். அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு, அடி மேல் அடி வைத்துப் பின்னாலேயே போய்ச் சுவரில் முட்டி நின்றாள்.

தெருமுனையில் ஆம்புலன்ஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து கீழே வாசலில் நின்றது. சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சுழன்று, அப்பாவின் முகத்தில் பட்டுப் போனது, பட்டுப் போனது.

"ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கே," என்றார் அப்பா. "யாருக்காம்?"

டம்ளர் அவர் வாய்க்கு ஓர் அங்குலத்தில் இருந்தது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். கீழ் வீட்டுக்காரர்களைப் பற்றி, பாவம் யாருக்கு என்னவோ என்று, போய்ப் பார்த்துவிட்டு வா என்று. காபியின் ஆவி அவர் உதட்டை ஒட்டி, மூக்கை ஒட்டி, ஒரு நூலிழை கலையாமல் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

போதும் கண்ணுகளா, எழுந்திருங்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் குறட்டை விட்டுத் தூங்கட்டும். உங்கள் வீட்டுக் குழந்தைகள் மூச்சு வாங்க ஓடி விளையாடட்டும். உங்கள் வாசலுக்கு வருகிறதெல்லாம் தன் நேரத்துக்கு வரட்டும், ஒரு நொடி முந்தாமல், ஒரு நொடி பிந்தாமல். நல்லா இருங்கள்.